சவேரியார் கோயில் கூரைக்கு முட்டுக் கொடுத்தது

பூசை நடக்கும்போது கூரையில் ஒரு சத்தம் கேட்டது என்று ஃபாதர் போனில் சொன்னபோது நான் புதுக்கோட்டை பைபாஸில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்லாப்புக்கு அடித்த ஷீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாதிரி சத்தம் ஃபாதர்?"

"கடலை உடைச்ச மாதிரி, சின்னதாத்தான் இருந்துச்சு. நடுப்பூசையில எல்லாரும் முழங்கால்ல இருந்தாங்க, அதனால கேட்டுச்சு. அப்புறம் பீடத்துத் துணி மேல கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் விழுந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சும்மா ஒருதடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்."

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். கான்கிரீட் சத்தம் போட்டால் அது விழுந்த சத்தமாகத்தான் இருக்கும். மரம் அப்படி இல்லை, விழுவதற்கு முன்னால் முனகும். அந்த வயதுக் கோயில் என்றால் கூரை தேக்கு உத்திரத்தின் மேல்தான் நிற்கும். ஆலங்குடி போகிற பஸ்ஸிலிருந்து அதன் மணிக்கூண்டைப் பார்த்திருக்கிறேன்.

நான் சென்ட்ரிங் காண்ட்ராக்டர். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் அடியில் ஷீட் அடித்து, அதைத் தாங்க ஜாக்கி என்கிற இரும்புக் கால்களை நிறுத்தி, கான்கிரீட் இறுகியதும் பிரித்து எடுக்கிற வேலை. பழைய கட்டடம் சாய்ந்தால் முட்டுக் கொடுக்கவும் கூப்பிடுவார்கள். என் செட்டில் இருந்தவர்கள் எனக்கு வைத்த பெயர் 'பயந்த கருப்பையா'. ஜாக்கிக்கு ஜாக்கி நடந்துபோய்த் தட்டிப் பார்ப்பேன், தூங்கப் போவதற்கு முன்னால் இன்னொரு தடவை வந்து தட்டிப் பார்ப்பேன். கேலி செய்தார்கள், செய்யட்டும். இப்போது ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாகச் சென்ட்ரிங் எடுக்கும் பிள்ளைகள் வந்து, எந்த வேலை கஷ்டமாக இருந்தது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோயில்

ஊர் சின்ன ஊர். முந்திரித் தோப்புக்கு நடுவில் ஒரு தெரு, தெரு முடிகிற இடத்தில் கோயில். என்னோடு திருச்சியிலிருந்து தேன்மொழி மேடம் வந்திருந்தார். பழைய கட்டடங்களைப் பார்க்கிற இன்ஜினியர். அதிகம் பேச மாட்டார். கையில் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரும் தோளில் ஒரு பையும் இருக்கும்.

எங்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டியவர் உபதேசியார். ஃபாதர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். செபம் சொல்லிக் கொடுப்பதும் மணி அடிப்பதும் கோயில் சாவியை இடுப்பில் வைத்திருப்பதும் உபதேசியார்தான். தான் பிறப்பதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொன்னார்.

முதலில் இருந்தது பனையோலைக் கொட்டகை. அது தீப்பிடித்துப் போனது. பிறகு வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்து இந்தக் கோயிலைக் கட்டினார். சுவர் முழுக்க இந்தப் பக்கத்துச் செம்புறாங்கல். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. செட்டிநாட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்களைப் பிடித்து வந்து தூண்களுக்குப் பூச்சு வேலை செய்யவைத்திருக்கிறார். அந்தத் தூணில் இன்றைக்கும் முகம் தெரிகிறது. தூணின் அடியில் தாமரை இதழ், உச்சியில் வெளிநாட்டுக் கொடி இலை. இரண்டு பக்கமும் தூண் வரிசை, தூணுக்குத் தூண் ஆர்ச், ஆர்ச்சுக்கு மேல் சுவர். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு உத்திரம். உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டை, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். மேற்கே பார்த்த ஜன்னலில் சிவப்பும் நீலமும் கண்ணாடி. சாயங்கால வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தபோது, என் ஆட்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்கள்.

"மணி பிரான்சுலருந்து கப்பல்ல வந்துச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள சாமியார் காலராவுல போய்ச் சேந்துட்டாரு. அந்தா, பீடத்துக்கு முன்னாடி நீங்க நிக்கிறீங்கள்ல, அங்கனதான் அடக்கம் பண்ணிருக்கு" என்றார் உபதேசியார்.

நான் சட்டென்று நகர்ந்தேன். செருப்பை வெளியே விட்டிருந்ததால் பாதம் சில்லென்று இருந்தது. காலால் தட்டிப் பார்த்தேன். கீழே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. மேலே அண்ணாந்தால், பீடத்திலிருந்து இரண்டாவது உத்திரம் நேராக அந்தக் கல்லறைக்கு மேல் போகிறது. அதுதான் நடுவில் தொய்ந்திருந்தது.

மேடம் என் ஆட்கள் கட்டிக் கொடுத்த சாரத்தில் ஏறி, அந்த உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். வெண்ணெய்க்குள் போவது போலப் போனது. கைப்பிடி மட்டும்தான் வெளியே நின்றது. கறையான்.

அவர் அதை வெளியே இழுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு மெல்ல இறங்கி வந்து, "கருப்பையாண்ணே, எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க. சத்தம் போடாம சொல்லுங்க" என்றார்.

கூரைக்கு மேலே

மணிக்கூண்டுக்குள் சுழல் படி. அதில் ஏறிக் கூரைக்குப் போனோம். மேலே பளபளவென்று வெள்ளைக் கூலிங் டைல்ஸ். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. இவ்வளவு தாழ்வாக யாரும் கைப்பிடிச் சுவர் கட்ட மாட்டார்கள். அப்புறம்தான் உறைத்தது, சுவர் தாழவில்லை, தளம்தான் மேலே ஏறி வந்திருக்கிறது.

ஓரத்தில் ஒரு சதுரம் வெட்டிப் பார்க்கச் சொன்னார் மேடம். வெட்ட வெட்டப் போய்க்கொண்டே இருந்தது. டைல்ஸுக்குக் கீழே சிமெண்ட், அதற்குக் கீழே தட்டோடு, அதற்கும் கீழே ஜல்லியும் சுண்ணாம்பும், மறுபடி தட்டோடு, மறுபடி சுண்ணாம்பு. என் முழங்கை வரை உள்ளே போனது.

உபதேசியார் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது.

"இந்தச் செவப்புத் தட்டோடு கொழும்புக்குப் போன சூசை வீட்டு நேர்ச்சை. இதுக்கு அடில கெடக்குறது பஞ்சம் தீந்து மழ பேஞ்சப்ப ஊரே சேந்து போட்டது. இந்தச் சிமெண்டு, சிங்கப்பூர்ல வேல கெடச்ச பசங்க போட்டது."

இந்த ஊர் வழக்கம் அப்போதுதான் புரிந்தது. கோயில் ஒழுகும். ஒழுகினால் யாராவது ஒருவர், 'நான் வேண்டியது நடந்தால் சவேரியாருக்குக் கூரை போடுகிறேன்' என்று நேர்ந்துகொள்வார். நடந்ததும் வந்து போடுவார். ஆனால் பழையதைக் கொத்தி எடுக்க மாட்டார்.

"எடுத்துட்டுத்தானே உபதேசியாரே புதுசாப் போடணும்?" என்று கேட்டேன்.

"இன்னொருத்தரு நேர்ச்சைய எப்படிங்க கொத்துறது? சாமிக்குக் குடுத்ததாச்சே!" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கல் மேல் கல். இது மரம் தாங்குகிற கூரை. வெள்ளைக்காரச் சாமியார் கணக்குப் போட்டுத்தான் உத்திரம் வைத்திருக்கிறார். ஊர் மக்கள் அன்பாகச் சேர்த்த சுமை அவர் கணக்கில் இல்லை. கார்த்திகை மழை வேறு. சுண்ணாம்பு தண்ணீர் குடித்தால் இன்னும் கனக்கும். சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. கொடி ஏறிவிட்டால் தினமும் சாயங்காலம் கோயிலுக்குள் கால் வைக்க இடம் இருக்காது என்றார் ஃபாதர். அவர் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சொல்லும்போது அவருக்குக் குரல் உள்ளே போய்விட்டது.

முட்டு

மறுநாள் காலையில் ஜாக்கிகளோடு வந்தேன். கோயில் வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவியிடம் ரேஷன் அரிசி வந்ததா என்று கேட்டேன். இந்த நேரத்தில் என்ன ரேஷன் விசாரணை என்று திட்டினாள். திட்டை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அந்த உத்திரத்துக்குச் சுவரோரம் இரண்டு பக்கமும் முட்டு, நடுவில் ஒரு முட்டு. நடு முட்டு கல்லறைக் கல்லின் மேல் நிற்கக் கூடாது. நின்றால் கல் பொத்துக்கொண்டு ஜாக்கி உள்ளே இறங்கும், பின்னாலேயே உத்திரம் வரும். அதனால் கல்லறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கெட்டித் தரையில் பலகை போட்டு, குறுக்கே இரும்புக் கர்டர் வைத்து, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினோம். சாமியார் மேல் ஒரு துளி பாரம் விழவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி இடத்தில் ஜாக்கியை முறுக்கி உத்திரத்தைத் தூக்கப் பார்க்காதீர்கள். தொய்ந்தது தொய்ந்தபடி இருக்கட்டும். முட்டு அதைத் தொட்டால் போதும். நூறு வருஷம் வளைந்து பழகிய மரத்தை ஒரே நாளில் நிமிர்த்தினால் அது வேறு இடத்தில் முறியும். கடைசி அரைத் திருகை நான் யாரிடமும் விடவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நானே திருகினேன். தலைக்கு மேலே எங்கேயோ மணல் உதிர்கிற சத்தம் சரசரவென்று கேட்டது. 'அய்யனாரே' என்றேன். இது சவேரியார் இடமாயிற்றே என்று தோன்றி, 'சவேரியாரே' என்றும் சொல்லிக்கொண்டேன்.

உத்திரம் நுழைகிற இடத்தில் சுவரில் ஓடியிருந்த விரிசலுக்குக் குறுக்கே மேடம் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைப் பூச்சு வைத்து ஒட்டினார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். மத்தியானத்துக்குள் ஒன்று உடைந்தது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முட்டு மட்டும் போதாது, மழைக்கு முன்னால் பாரத்தை இறக்கியே ஆகவேண்டும் என்றார் மேடம். மேலே இருக்கிற டைல்ஸையும் சிமெண்டையும் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்ததை மேலேயே குவிக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

ஆட்கள் ஏறப் போனபோது மணிக்கூண்டுப் படியின் வாசலில் ஒரு பெண் கையை விரித்து நின்றாள்.

லூர்துமேரி

அந்த வெள்ளை டைல்ஸ் அவள் போட்டது. பிறந்தது இந்த ஊர், வாழ்க்கைப்பட்டது ஜெகதாப்பட்டினம். திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் அருள் விசைப்படகில் போகிறவன். சில வருஷத்துக்கு முன்னால் எல்லை தாண்டினான் என்று கடலில் பிடித்துக்கொண்டு போய் அக்கரைச் சிறையில் போட்டுவிட்டார்கள். ஆள் வந்தால் கோயில் கூரையை வெள்ளையாக்கித் தருகிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். ஆள் வந்தான். காதில் கழுத்தில் கிடந்ததை விற்று டைல்ஸ் பதித்தாள்.

"அண்ணே, அவரு இன்னைக்கு வெள்ளனத்தான் கடலுக்குப் போயிருக்காரு. நாளைக்குக் காலைல வந்துருவாரு. அவரு கரையேறுற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க. ஒங்க கால்ல விழுறேன்" என்றாள்.

"லூர்து, சவேரியார் அப்படியெல்லாம் கோவப்பட மாட்டாரும்மா" என்றார் ஃபாதர்.

"நீங்க சொல்லுவீங்க சாமி. கடல்ல கெடக்குறது எங்க வீட்டு ஆளு."

"ஒரு நாளுதானே, நாளைக்கு எடுத்தா என்ன? நூறு வருஷம் நின்னது ஒரு நாளு நிக்காதா? ஒண்ணும் ஆகாது" என்றார் உபதேசியார். கூடியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். மேடம் உடைந்த கண்ணாடியை எடுத்துக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. ஒரு நாளு தாங்காதா?"

தாங்காது என்று அடித்துச் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"தாங்கலாம், தாங்காமலும் போகலாம். எனக்குத் தெரியலம்மா. ஆனா உள்ள போறப்ப எனக்குக் கால் நடுங்குது. காலைலருந்து சாப்பாடு எறங்கல. உள்ள போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல போன் போட்டு, ஒண்ணுமில்லாத விஷயத்தப் பேசிட்டு வந்தேன். திரும்பிப் பேச முடியாமப் போயிட்டா என்ன செய்யிறதுன்னு பயம்."

என் ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் ஒண்ணும் ஆகாது ஒண்ணும் ஆகாதுன்னே சொல்றாங்க. அவரும் போட்டுல ஏறுறப்பல்லாம் அதத்தான் சொல்லுவாரு. அவரப் பிடிச்சுட்டுப் போனாங்கள்ல, அன்னைக்கும் அதச் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றாள். பிறகு, "ஒங்களுக்கு நெசமாவே பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா."

"அப்ப எடுத்துருவோம். மொதக் கல்ல நான்தான் எடுப்பேன்."

யார் தடுத்தும் கேட்கவில்லை. வெறுங்காலோடு ஏறினாள். உத்திரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவில் கால் வைக்காமல், நல்ல உத்திரத்துக்கு மேலாகவே நடத்திக் கூட்டிப் போனேன். உளியை வைத்து நான் பிடித்துக்கொள்ள, சுத்தியலால் அவள் அடித்தாள். குறி தவறி இரண்டு அடி என் விரலில் விழுந்தது. டைல் பெயர்ந்து வந்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலச் சத்தமாகச் சொன்னாள்.

"சவேரியாரே, குடுத்ததும் நானு, எடுக்குறதும் நானு. கோவம்னா என்னோட வச்சுக்க. அவர விட்டுரு."

ஆட்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாக இறக்கினார்கள். டைல்ஸை மட்டும் உடையாமல் தனியாக எடுக்கச் சொன்னேன். மழை வருவதற்குள் நடுக் கூரையிலிருந்த மேல் இரண்டு அடுக்கும் கீழே இறங்கிவிட்டன. தார்ப்பாய் கட்டி முடித்தபோது தூறல் விழுந்தது.

விடிந்த பிறகு

அன்று சாயங்காலச் செபமாலையைப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துக்கொண்டார்கள். மழை சரியாகப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தேவரகசியம் சொல்லும்போது கோயிலுக்குள்ளிருந்து மடாரென்று ஒரு சத்தம். செபம் அப்படியே நின்றது. டார்ச்சோடு வாசல் வரை போய்ப் பார்த்தோம். உத்திரத்தின் கறையான் தின்ற முனை சுவரிலிருந்து கழன்று, சுவரோர முட்டின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஜாக்கி லேசாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். மேலிருந்து பெயர்ந்த செங்கல்லும் சுண்ணாம்பும் பெண்கள் உட்காருகிற பக்கத்தில் தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தன.

டைல்ஸை எடுக்காமல் இருந்திருந்தால் அந்த முட்டு நின்றிருக்குமா என்று மேடத்திடம் கேட்டேன். "அந்தக் கணக்கப் போட எனக்கு மனசு வரலண்ணே" என்றார்.

இத்தோடு என் பயம் முடிந்திருக்க வேண்டும். காலையில் வரவேண்டிய விசைப்படகு கரைக்கு வரவில்லை. அருளின் போன் ஸ்விட்ச் ஆஃப். கடலில் காற்று என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். லூர்துமேரி கோயில் மைதானத்தில் டைல்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. உபதேசியார் என்னைக் கடந்து போகும்போது, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். நான் கூரையைப் பார்க்கிற சாக்கில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமேல் கூரை தொங்கும்போதுகூட அப்படிப் பயந்ததில்லை. அதற்காவது முட்டுக் கொடுக்க எனக்குத் தெரியும். இந்தப் பெண் என் வாயைப் பார்த்து, நான் பயந்ததை நம்பித்தானே அந்தக் கல்லை எடுத்தாள்? ஆள் வராவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்த ஊரில் நிற்பேன்?

உச்சி வெயில் நேரத்தில் அவள் கையிலிருந்த போன் அடித்தது. நடுக்கடலில் என்ஜின் நின்றுபோய், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"வந்துட்டாருண்ணே. நீங்க இன்னும் சாப்பிடலதானே? வாங்க, அம்மா சோறு வடிச்சுருக்கு."

அந்த வருஷத் திருவிழாப் பூசை மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. பந்தல் காலையும் நான்தான் தட்டிப் பார்த்தேன். கோயிலுக்குப் புது உத்திரம் ஏறி, பழைய தளத்தை அடி வரை எடுத்துவிட்டு ஒரே அடுக்காகப் போட்டு முடிக்க அடுத்த கோடை ஆகிவிட்டது. லூர்துமேரியின் டைல்ஸை மைதானத்தில் சிலுவைப் பாதை நடக்கிற வழியில் பதித்திருக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை வெயிலில் முழங்காலில் நிற்கிறவர்களுக்குச் சுடாது.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கேலி செய்வார்கள், பரவாயில்லை. 'ஒண்ணும் ஆகாது' என்பதை மட்டும் தொழிலில் சொல்லாதீர்கள்.

போன வருஷத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது அருள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, இப்பல்லாம் போட்டுல ஏறுறப்ப அவகிட்ட ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதில்ல. பயமாத்தான் இருக்கு, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போறேன்."

"அவ பயந்து அழமாட்டாளா தம்பி?"

"இல்லண்ணே. அதுக்கப்புறம்தான் அவ தூங்குறா."